நாற்பத்தோராவது நிமிஷம்

வெட்டினால் எதுவும் அழியாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் கோதை, போன வருஷம் தவக்காலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்த நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, இதே நாற்காலியில் என்னை உட்காரவைத்து. அதுவரைக்கும் எடிட்டிங் என்றால் எனக்குக் கத்தரிக்கோல் ஞாபகம்தான். எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனை எடிட் ரூமுக்கென்று எடுத்திருந்த பெண், நாலு படத்தில் பேர் வந்த எடிட்டர், அவளுடைய அசிஸ்டெண்ட் சொல்லாமல் நின்றுபோன அன்றைக்கு, டீ கொண்டுபோன என்னைப் பார்த்து, ஆன்ட்டி, இந்தக் கைதட்டலும் இந்தச் சத்தமும் ஒண்ணா விழுதான்னு கொஞ்சம் பாருங்களேன் என்றாள். பார்த்தேன். விழவில்லை. சத்தம் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. முப்பது வருஷம் கோவில் பாடற்குழுவில் நின்றவளுக்கு அதுகூடத் தெரியாதா. அப்படித்தான் தொடங்கியது. கேமரா தனியாகப் படம் பிடிக்கும், ஒரு சின்னப் பெட்டி தனியாகச் சத்தம் பிடிக்கும், பேசுகிறவர் முதலில் ஒரு தட்டு தட்டுவார், அந்தத் தட்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். பிறகு வெட்டச் சொன்னாள். எனக்குக் கை வரவில்லை. ஒரு ஆள் வீட்டைவிட்டுப் போகிறான் என்றால் அவன் செருப்பு மாட்டி, கேட்டைச் சாத்தி, தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் விட்டுவைப்பேன். இது படமா ஆன்ட்டி, வழியனுப்பு விழாவா என்று கோதை சிரிப்பாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் இருபத்தெட்டு வாங்கினவளுக்குக் கம்ப்யூட்டர் கேட்குதோ என்று எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார். கோதை மட்டும் என் கையைப் பிடித்து மௌஸின் மேல் வைத்து, பயப்படாம வெட்டுங்க, இங்க நீங்க எதை வெட்டினாலும் அசல் வேற இடத்துல பத்திரமா இருக்கும் என்றாள். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. செத்தவருக்கு வைக்கும் அடக்கப் பூசையில் சாமியார் சொல்வது மாதிரியே இருந்தது. அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். நான் அதை விசுவாசித்தேன். இப்போது மணி இரண்டே முக்கால், திரை முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, கோதை நாலு மணிக்கு வருகிறாள்.

காலையில் போன் பண்ணினாள். ஆன்ட்டி, இன்னிக்கு அப்பாவைப் பார்த்துடலாம்னு இருக்கேன், எடுத்து வைங்க என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சமையலை முடித்து, இவருக்குச் சோறு போட்டு, மூன்று மாசமாகத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த இரண்டாவது டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். திறந்தது. நான் அடுக்கிய பதினாறு துண்டும் அடுக்கினபடி இருந்தது. ஆனால் எதைத் தொட்டாலும் சிவப்பு. அந்தச் சிவப்பில் ஏழெட்டு பாஷையில் என்னவோ எழுதியிருக்கிறது, தமிழில் மட்டும் இல்லை. எழுதியிருந்தால் என்ன, படம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டதே. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கி முந்தானையில் துடைத்து மாட்டினேன். சிவப்பு. கோதை அப்பாவின் அசலைத் தேடி அந்த டிஸ்க் முழுக்கப் போனேன், அதில் ஒரே ஒரு சின்ன ஃபைல் உட்கார்ந்திருக்கிறது, புராஜெக்ட் என்று பேர் போட்டு, நானே பேர் போட்டு. அவ்வளவுதான் நான் காப்பி எடுத்தது. அக்டோபரில், அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து ஊரிலிருந்து வந்த கோதை, அவர் பேசினது இருக்கிற டிஸ்க்கை என் கையில் கொடுத்து, நீங்களே சேர்த்து வைங்க, ரெண்டு டிஸ்க்ல போட்டு வைங்க, என்ன சொன்னார்னு மட்டும் இப்ப எங்கிட்ட சொல்லாதீங்க என்றாள். சேர்த்தேன். காப்பி எடுத்தேன். அரை நிமிஷத்தில் முடிந்தது. மாதாவே, இவ்வளவு சீக்கிரமா என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். போட்டதோடு நிற்கவில்லை, நான் என்ன அவ்வளவு அசட்டையானவளா, இரண்டாவது டிஸ்க்கிலிருந்து திறந்தும் பார்த்தேன். அவர் வந்தார். பேசினார். ஏனென்றால் முதல் டிஸ்க் பக்கத்திலேயே மாட்டியிருந்தது, அதிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறது. படம் அந்தச் சின்ன ஃபைலுக்குள்ளே இல்லவே இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்குமாம். பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையைக் கிழித்துப் பத்திரப்படுத்திவிட்டு, புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டவள் நான். நவம்பரில் ஏதோ வெப் சீரிஸ் வேலை வந்து இடம் போதாமல் முதல் டிஸ்க்கைக் காலி பண்ணும்போது, கோதை பட்டனை அழுத்துவதற்கு முன்னால் திரும்பி என்னிடம் கேட்டாள். கேட்டாள், ஆண்டவரே, அவள் கேட்காமல் செய்யவில்லை.

"அப்பா ரெண்டு இடத்துல இருக்கார் இல்ல, ஆன்ட்டி?"

"இருக்கார்மா. நானே திறந்து பார்த்தேன்."

அவள் அப்பா பேர் திருவேங்கடம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இவள் சினிமா வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பின அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவர் பதினோரு வருஷம் பேசவில்லை. போன ஆகஸ்டில், அம்மா சொல்லி, உடம்பு முடியாமல் இருக்கிறார் என்று இவள் போய் நின்றபோது, உன் மூஞ்சியைப் பார்த்து எனக்குப் பேச வராது, உன் மிஷினை வச்சுட்டுப் போ, அதுகிட்ட பேசறேன் என்றாராம். இவள் கேமராக்காரத் தம்பி சௌமிக்கைக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, வெளியே தெருவில், எதிர்வீட்டு பைக்கில் சாய்ந்துகொண்டு ஒண்ணேகால் மணி நேரம் நின்றிருக்கிறாள். சௌமிக் கல்கத்தாப் பையன், தமிழில் டீ, போதும், ரெடி மூன்றும்தான் தெரியும். வெளியே வந்து, சவுண்ட் நல்லா வந்திருக்கு என்று இங்கிலீஷில் சொன்னானாம். அதுதான் அவள் அப்பா பேசினதைப் பற்றி இதுவரை அவள் கேட்ட ஒரே தகவல். அக்டோபரில் அவர் போய்விட்டார். ஆக, அவர் பேசினதைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்ட மனுஷி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நான் யார். வீட்டுக்காரம்மா. எனக்கு எதற்கு அது கிடைத்தது. கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார், நீலக் கட்டம். இல்லை, சட்டை வெள்ளை, துண்டுதான் நீலம். துண்டா. கை தட்டச் சொன்னதும் பஜனையில் தட்டுவது மாதிரி மூன்று தரம் தட்டிவிட்டு, போதுமா என்று சௌமிக்கைக் கேட்டார். மில்லைப் பற்றிப் பேசினார், பஞ்சுத் தூசி, இருமல், ஷிஃப்ட். பிறகு அந்தத் தியேட்டர் கதை. மகள் எடிட் பண்ணின படம் ராஜபாளையத்துக்கு வந்திருக்கிறது என்று யாரோ சொல்லி, வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார். படம் முடிந்து பேர் ஓடுகிறது, மகள் பேர் வருவதற்குள் லைட்டைப் போட்டு எல்லாரையும் கிளப்பிவிட்டுவிட்டான். மறுநாள் திரும்பப் போனார். மேலே ஏறிப்போய் ஆபரேட்டரிடம், தம்பி, கடைசி வரைக்கும் ஓட்டு, நான் ஒரு ஆளைப் பார்க்கணும் என்றாராம். அவன் ஓட்டினான். அவர் ஒருத்தர் மட்டும் நின்று பார்த்தார். பொடி எழுத்து, கண்ணாடியைத் துடைக்கறதுக்குள்ள போயிருச்சு, ஆனா வந்துச்சு என்றார். அப்படித்தானே சொன்னார். ஆனா வந்துச்சு என்றாரா, ஆனா இருந்துச்சு என்றாரா. ராஜபாளையமா, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயேவா. பஸ் ஏறினார் என்றால் ராஜபாளையம்தான். அந்த இடத்தில் நான் அழுதேன், அது நிச்சயம், முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது. என்னுடைய அழுகை எனக்கு அச்சாக ஞாபகம் இருக்கிறது, அவருடைய வார்த்தை வழுக்குகிறது. அதற்குப் பிறகுதான் அது. நாற்பத்தோராவது நிமிஷம். அவர் கொஞ்சம் தலையைக் குனிந்து, அன்னிக்கு ராத்திரி இவ வந்து கதவத் தட்டினா, நான் முழிச்சுதான் இருந்தேன் என்றார். கோதை எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாள், சித்தி சாவுக்குப் போனவள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டுக் கதவைத் தட்டி, தட்டித் தட்டி, திறக்காமல், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள் என்று. அப்பா தூங்கிட்டாரா ஆன்ட்டி, இல்ல வேணும்னே திறக்கலையா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும் என்று சொல்லியிருக்கிறாள். நான் முழிச்சுதான் இருந்தேன் என்றார். அந்த நேரம் மாடியில் குக்கர் விசில் அடித்தது.

பருப்பு வைத்திருந்தேன். மூன்றாவது விசில். இவர் எழுந்து அணைக்க மாட்டார், அடி பிடித்தாலும் டிவியைத்தான் பார்ப்பார். நான் எழுந்து ஓடினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார், ஆளில்லாத அறையில், என் முதுகுக்குப் பின்னால். அணைத்துவிட்டுப் படி இறங்கி வரும்போது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், சொம்பைத் தூக்கி அண்ணாந்து. பின்னால் தள்ளிக் கேட்டிருக்கலாம். ஒரு விரலைத் தொட்டால் போதும். தொடவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா. இது பாவத்தை வாய்விட்டுச் சொல்கிற பாவசங்கீர்த்தனம், இதை மகள்தான் முதலில் கேட்கவேண்டும், நான் கேட்டுவிடக் கூடாது என்றுதான் ஆண்டவர் குக்கரைக் கூப்பிடவைத்தார் என்று தோன்றியது. ஸ்தோத்திரம் சொன்னேன். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மேலே ஓடவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஜெபத்திலும் அதைச் சொல்லி நன்றி சொன்னேன். என் வாயால் நன்றி சொன்னேன். அந்தோனியாரைக் கூப்பிடலாமா என்று பார்க்கிறேன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர், சாவி, கம்மல், ஒரு தரம் ரேஷன் கார்டு. ஆனால் இது காணாமல் போகவில்லையே. எங்கே போயிற்று என்று நன்றாகத் தெரிகிறது. நான் இருக்கார்மா என்று சொன்ன இடத்தில் போயிற்று. மூன்று மணி அடித்துவிட்டது, இரக்கத்தின் நேரம், ஜெபமாலையை எடுத்தேன், முதல் மணியைப் பிடித்தபடியே இருக்கிறேன். என்ன கேட்பது. நடந்ததை நடக்காததாக்கு என்று கேட்க எந்த ஜெபப் புத்தகத்திலும் வார்த்தை இல்லை. மகன் ஜோவினுக்குப் போன் பண்ணினேன், கோயம்புத்தூரில் இதே கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறான். அழித்ததைத் திரும்ப எடுக்கலாம்மா, பதறாதீங்க, டிஸ்க்கை எதுவும் செய்யாம வைங்க என்றான். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, அதுக்கு மேல வேற ஏதாவது ஏத்தியாச்சா என்று கேட்டான். ஏத்தியாச்சு, வெப் சீரிஸ், டிஸ்க் நிரம்ப ஏத்தி, அதையும் அழித்து, மேலே இன்னொன்று ஏத்தியாச்சு என்றேன். அப்படியானா இனி வராதும்மா என்றான். டாக்டர்கள் சொல்கிற குரலில் சொன்னான். அப்புறம் மெதுவாக, அம்மா, டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க, டிஸ்க் சாகும்மா, அவங்களுக்கே தெரியும், யாரும் உங்களைக் கேட்க மாட்டாங்க என்றான். நல்ல பிள்ளை. என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். பத்துக் கட்டளையை விரல்விட்டு எண்ணச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கைதான், எட்டாவதுக்கு, பொய்சாட்சி சொல்லாதே என்பதற்கு வரும்போது அந்தச் சின்ன விரலை மடக்கிப் பிடித்துக்கொள்வேன். வையிப்பா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. டிஸ்க் சாகும். எவ்வளவு எளிதாக இருக்கிறது. கோதை அழுவாள், நான் அவள் தலையைத் தடவிக் கொடுப்பேன். தடவிக் கொடுக்கிற கை எது என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத்தான் தெரியும், அப்புறம் தினமும் டீ கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் தெரியும்.

படம் போனாலும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது, அதுதான் என்னைக் கொல்கிறது. படத்துக்குக் கீழே அவருடைய சத்தத்தின் கோடு இன்னும் வரைந்தபடி நிற்கிறது. மேடும் பள்ளமுமாக, பச்சையில். முன்னே எப்போதோ கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வைத்துக்கொண்ட கோடாம், அசல் போனாலும் அது நிற்கிறது, அமுக்கினால் சத்தம் வராது. மூன்று முள் மாதிரி எழும்பி நிற்கிறதே, அது அவர் கைதட்டினது. இந்த அடர்த்தி இருமல். இங்கே சிரித்தார். நாற்பத்தொன்றுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கிறேன். இதோ, நான் முழிச்சுதான் இருந்தேன், ஒரு சின்ன மேடு, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு நான் படி ஏறினேன். இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. தணிந்த குரலில் பேசியிருக்கிறார், புல் மாதிரி சின்னச் சின்னதாக இருக்கிறது. நடுவில் பதினோரு விநாடி ஒன்றுமே இல்லை, வெறும் கோடு. பிறகு ஒரே ஒரு பெரிய முள். அது என்ன. அழுகையா. தொடையில் தட்டிக்கொண்டாரா. தெருவில் லாரி போனதா. உதட்டசைவு பார்த்துப் பேச்சைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டாம், இந்த மேட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர் யாராவது உண்டா. மூக்கு திரையில் முட்டுகிற அளவு போய்ப் பார்க்கிறேன். முழிச்சுதான் இருந்தேன், எழுந்து தாழ்ப்பாள் வரைக்கும் வந்தேன், கை வரலை. அப்படிச் சொல்லியிருப்பாரோ. அளவு சரியாக இருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சொல் உட்காருகிறது, தாழ்ப்பாள், வந்தேன், கை, வரலை. இன்னொரு தரம் வேறே வார்த்தை வைத்துப் பார்த்தேன். முழிச்சுதான் இருந்தேன், தட்டட்டும்னு விட்டேன், நாலு நாள் பட்டினி கெடந்தாத் தெரியும்னு விட்டேன். அதுவும் சரியாக உட்காருகிறது. எதை வைத்தாலும் உட்காருகிறது. ஐயோ, இந்த இடத்தில் நான் எதைச் சொன்னாலும் அதுதான் அவர் சொன்னது. கோதை அதைத்தான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்வாள். தாழ்ப்பாள் வரைக்கும் வந்தார்மா என்று சொல்லலாம். யாருக்கு என்ன நஷ்டம். ஒரு பெண்பிள்ளை தூங்குவாள். அது பாவமா. பாவமில்லை என்று ஒரு மனசு சொல்கிறது, அதே மனசுதான் குக்கர் விசிலை ஆண்டவருடைய குரல் என்று சொன்னது. நோட்டை எடுத்து ஞாபகம் இருப்பதையாவது எழுதிவைக்கலாம் என்று தொடங்கினேன். அவர் சொன்னார் என்று எழுதி, தியேட்டர் கதையை எழுதினேன். படித்துப் பார்த்தால் தூத்துக்குடிப் பேச்சாக இருக்கிறது. என் அம்மா பேசுவது மாதிரி இருக்கிறது. கிழித்துவிட்டேன். எழுத எழுத அவர் போய்க்கொண்டிருக்கிறார், நான் அவர்மேல் வந்து உட்காருகிறேன். அந்த டிஸ்க்கின்மேல் இன்னொன்றை ஏற்றினது மாதிரியே. ஏற்கெனவே அவர் முகத்தில் பாதி எங்கள் சின்னையா முகம். கண்ணாடி போட்டிருந்தாரா. கண்ணாடியைத் துடைக்கறதுக்குள்ள என்றாரே, அப்போது போட்டிருக்கவேண்டும், ஆனால் எனக்குள்ளே இருக்கிறவர் போடவில்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் போய்விடும். எனக்கு அறுபத்தொரு வயசு, வாங்க வேண்டிய சாமானை மறந்து கடையில் நிற்கிறவள். என்னை நம்பியா, ஆண்டவரே, ஒரு மனுஷனை வைத்தீர். அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றால் அது உம்மிடத்தில்தான் இருக்கவேண்டும், இருக்கட்டும், உமக்கு அவர் சொன்னதெல்லாம் கேட்டிருக்கும். அந்த இரண்டு நிமிஷம் நாற்பது விநாடியை அவளுக்கு ஒரு கனவிலாவது போட்டுக்காட்டும் என்று கேட்கிறேன். கேட்கும்போதே தெரிகிறது, நீர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. எத்தனை வருஷம் உம்மோடு பேசியிருக்கிறேன். நீரும் முழித்துதான் இருக்கிறீர்.

இதை நினைத்ததும் பயந்துபோனேன். நினைத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்கிறது. பிள்ளைகள் படித்த அறை இது, ஜோவினும் ஷீபாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து படிப்பார்கள், இருட்டுக்காகக் கோதை ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணி போட்டு அடைத்துவிட்டாள், பகலா இரவா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தால் நாலு மணி வராது என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஸ்கூட்டி நிற்கிறது. ஸ்டாண்ட் போடும் சத்தம். கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம், கரண்ட் இல்லை என்று சொல்லலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லலாம், நாளைக்கு என்ன சொல்வது. கை மௌஸுக்குப் போகிறது, திரும்பி வருகிறது. கேட் திறக்கிறது. மாடியைப் பார்த்து, அங்கிள், சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள், இவர் என்னவோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டு வருகிறாளே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் அறை முழுக்கச் சீயக்காய் வாசனை. தலைக்குக் குளித்திருக்கிறாள். எப்போதும் போடுகிற அந்தக் கசங்கின டீ ஷர்ட் இல்லை, மஞ்சளில் பருத்திச் சுடிதார், நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு, ஊருக்குக் கிளம்பினவள் மாதிரி. ரெண்டு காப்பி வாங்கிட்டு வந்தேன் ஆன்ட்டி, நீங்களும் கூட இருங்க, தனியாப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு என்கிறாள். கப்பை மேஜையில் வைக்கிறாள். மூடியைத் திறந்து எனக்கு முன்னால் நகர்த்துகிறாள். என் முகத்தை இன்னும் பார்க்கவில்லை, இருட்டில் அது தெரியவில்லை, அவள் கண் நேரே திரைப் பக்கம் போகிறது, போவதற்குள் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். அதிலும் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையில் நான் எதையும் வைக்கக் கூடாது, அதை ஓட்டையாகவே அவள் கையில் கொடுக்கவேண்டும், அதற்கு அவள் என்னை என்ன செய்தாலும் சரி.

"கோதை, அதைப் பார்க்காதம்மா. கொஞ்சம் என் பக்கம் திரும்பி உட்காரு."